எண்ணிக்கையும் பேட்டியும் ஒன்றோடொன்று பேச வேண்டும்: கலப்பு முறை ஆய்வு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடில் கேள்வித்தாள் தயாரிப்பது பற்றிப் பேசினோம். அதைக் கேட்ட ஆய்வு மாணவர்கள் பல பேர் ஒரே சந்தேகத்தை எழுப்பியிருந்தாங்க: "சர்வே எடுத்தாச்சு, இருபது பேரிடம் பேட்டியும் எடுத்தாச்சு. அப்போ என்னோடது கலப்பு முறை ஆய்வுதானே?"

என் பதில், இன்னும் இல்லை என்பதுதான். ஏன்னு சொல்றேன். அதற்கு முன்னாடி, இதே விஷயத்தில் நான் வாங்கிய குட்டு ஒன்று இருக்கு, அதைச் சொல்லிடறேன்.

என் ஆய்வு, ஒரு கிராமத்தில் பெண்களின் வேலை பற்றியது. கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனேன். ஒரு அக்காவிடம், "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டேன். "வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்றாங்க. நானும் 'வேலை இல்லை' கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். பத்து நாள் கழித்து அதே அக்காவிடம் விரிவாகப் பேட்டி எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினாங்க. இரண்டு கறவை மாடு, விடியற்காலையும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது, புல் அறுக்கப் போவது என்று எல்லாமே அதில் வந்தது.

தீசிஸில் மூன்றாவது அத்தியாயம் அட்டவணைகள், நாலாவது அத்தியாயம் பேட்டிகள். அழகாகப் பிரித்து வைத்திருந்தேன். என் கைடு படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மூணாவது அத்தியாயத்துல இந்தம்மாவுக்கு வேலை இல்ல. நாலாவதுல தினம் ரெண்டு வேளை பால் ஊத்துறாங்க. உன் தீசிஸ் எதை நம்புது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஏன்னா, இரண்டு அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் படிக்கவே இல்லை.

ஒரு தெரு, நூறு பேர்

இதைச் சரியாகச் செய்த ஓர் ஆய்வு, தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே நடந்திருக்கு. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு ஊர். ஊரே ஒரு நூற்பாலையை நம்பித்தான் இருந்தது. 1929-30ல் அந்த ஆலை மூடப்பட்டது. ஊரில் 478 குடும்பங்கள். ஏறக்குறைய முக்கால்வாசிக் குடும்பங்களுக்கு அரசு தரும் நிவாரணப் பணம்தான் கதி. 1931-32ல் மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோரின் குழு அங்கே ஆய்வு செய்தது. 1933ல் அது புத்தகமாக வந்தது.

478 குடும்பங்களுக்கும் தனித்தனியாகப் பதிவேடு போட்டாங்க. 62 பேரின் வாழ்க்கைக் கதையை விரிவாகப் பதிவு செய்தாங்க. சாப்பாட்டுக் கணக்கு, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, நூலகப் பதிவேடு என்று எதையும் விடவில்லை. அதிலிருந்து மூன்று விஷயங்களை மட்டும் சொல்றேன்.

முதலாவது, நூலகம். வேலை போய்விட்டது, நேரம் நிறைய இருக்கு, புத்தகம் எடுக்கக் கட்டணமும் கிடையாது. அப்போ நிறைய படித்திருப்பாங்கன்னுதானே நினைப்போம்? 1929க்கும் 1931க்கும் நடுவில், எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. குறைந்தது என்று பதிவேடு சொல்லும். ஏன் குறைந்தது என்று அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஆட்களிடம்தான் போகணும். நேரம் கூடக் கூட, அதை எதற்காவது பயன்படுத்தும் மனசு குறைந்துபோனது என்பது பேச்சிலிருந்தும், மக்கள் தாங்களே எழுதித் தந்த ஒரு நாள் நேரக் குறிப்பிலிருந்தும் தெரிந்தது. ஆண்கள் பல பேருக்குக் காலையிலிருந்து மதியம் வரை என்ன செய்தோம் என்று எழுதவே ஒன்றும் இல்லை.

இரண்டாவது, தெரு. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிறவர்கள் எத்தனை தடவை நிற்கிறார்கள் என்று எண்ணினாங்க. மொத்தம் நூறு பேர். 68 ஆண்களில் 39 பேர் மூன்று தடவையோ அதற்கு மேலோ நின்றாங்க. 32 பெண்களில் அப்படி நின்றது 3 பேர்தான். ஒரு தடவைகூட நிற்காமல் போன ஆண்கள் 6 பேர், பெண்கள் 12 பேர்.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் என்ன தோணும்? பெண்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை, சுறுசுறுப்பாக இருக்காங்க என்று தோணும். பேட்டிகள் வேறு மாதிரி சொல்லின. சமையல், துணி, பிள்ளைகள், அதோடு குறைந்த பணத்தில் குடும்பத்தை ஓட்டுவது என்று அவங்க நாள் நிறைந்து கிடந்தது. அவங்களுக்குக் கூலிதான் இல்லை, வேலை இருந்தது. அப்படியிருந்தும் பெரும்பாலான பெண்கள் மறுபடி ஆலைக்குப் போகவே ஆசைப்பட்டாங்க, அதுவும் காசுக்காக மட்டும் இல்லை. எண்ணிக்கை இல்லாவிட்டால் ஆண்-பெண் வித்தியாசம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது. பேட்டி இல்லாவிட்டால் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருப்போம்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வீடுகளைப் பார்த்து எழுதிய குறிப்புகளைப் படித்து, குடும்பங்களை நாலு வகையாகப் பிரித்தாங்க: மனம் தளராதவர்கள், எதிர்பார்ப்பைச் சுருக்கிக்கொண்டவர்கள், விரக்தியில் இருப்பவர்கள், எதிலுமே அக்கறை இல்லாமல் போனவர்கள். இது முழுக்கப் பண்பறி வேலை. பிறகு ஒவ்வொரு வகைக்கும் நேராக, ஒரு பெரிய ஆளுக்கு மாசம் எவ்வளவு வருமானம் என்று கணக்குப் போட்டாங்க. வரிசையாக 34, 30, 25, 19 ஷில்லிங். பேட்டியில் கண்ட வகைகளும் பணக் கணக்கும் ஒரே வரிசையில் இறங்கின. நிவாரணம் குறையக் குறைய ஒரு குடும்பம் எந்தப் பக்கம் சரியும் என்பதை இதை வைத்து ஊகிக்க முடிந்தது. தனித்தனி அத்தியாயமாக எழுதியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

அப்போ நீங்கள் என்ன செய்யணும்?

பாடப்புத்தகங்கள் மூன்று வழி சொல்லும். முதலில் சர்வே எடுத்து, புரியாத முடிவை விளக்கப் பேட்டிக்குப் போகலாம். முதலில் பேட்டி எடுத்து, மக்கள் பேசும் சொல்லிலேயே கேள்வித்தாளை அமைக்கலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் எடுத்து ஒப்பிடலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஒன்று இன்னொன்றிடம் கேள்வி கேட்கும் இடம் எது என்று முன்கூட்டியே திட்டத்தில் எழுதி வையுங்க. சர்வேயில் இருந்த ஆளையே பேட்டியிலும் அடையாளம் காண ஒரு வரிசை எண் கொடுங்க. இருபது பேட்டி எடுத்துவிட்டு "60 சதவீதம் பேர் இப்படிச் சொன்னார்கள்" என்று மட்டும் எழுதாதீங்க. பேட்டி அதற்கான கருவி இல்லை.

இரண்டும் முரண்பட்டால் பயப்படாதீங்க. நான் பயந்து, அந்த அக்காவின் வரிசையை எக்ஸெல்லில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, செய்யவில்லை. ஏன்னா "சும்மாதான் இருக்கேன்" என்பது பொய் இல்லை. தினம் ரெண்டு வேளை பால் ஊற்றுகிற ஒருவர் அதை வேலை என்று சொல்லிக்கொள்ளாததுதான் நான் தேடிப்போன விஷயமே.

மறுபடி ஊருக்குப் போனேன். இந்தத் தடவை "என்ன வேலை?" என்று கேட்கவில்லை. "நேத்து எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். இதைப் பெரிய அளவில் செய்வதுதான் நேரப் பயன்பாட்டு ஆய்வு. இந்திய அரசு 1998-99ல் ஆறு மாநிலங்களில் அதைச் சோதனையாக நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. 2019ல் நாடு முழுக்க நடத்தினாங்க. யாருக்கு வேலை இருக்கு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்வதில் கேட்கிற கேள்விக்கும் பங்கு இருக்கு. அந்தக் கணக்கை நம்பித்தான் திட்டங்களும் போடறாங்க.

இந்த வாரம் உங்க அட்டவணையையும் பேட்டிப் பிரதியையும் ஒரே மேஜையில் விரித்துப் பாருங்க. எந்த வரிசை எந்தப் பேட்டியோடு சண்டை போடுதோ, அங்கிருந்து எழுத ஆரம்பிங்க.