வளையச் சூரியனும் சினைமாடும்

2019 டிசம்பர் 26 காலை 9.30 மணி சுமாருக்கு உடுமலை வட்டாரத்தில் வளையச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் மக்கள் கூடிப் பார்த்தனர். நம் தோட்டத்துச் சாளைகளிலோ பலர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டனர். சினைமாட்டை அவிழ்த்தால் கன்று ஊனமாகும் என்ற பயம் வேறு!

கிரகணம் சந்திரனின் நிழல்தான். வெயில் மங்கும், சற்றுக் குளிரும். சினைக்கோ, பாலுக்கோ, பயிருக்கோ கேடில்லை. மூன்று மணி நேரம் மாட்டுக்குத் தீவனமும் தண்ணீரும் காட்டாமலிருப்பதுதான் கெடுதல். ஆபத்து நம் கண்ணுக்கே. வெறுங்கண்ணாலோ, புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம் வழியாகவோ சூரியனைப் பார்க்கலாகாது. தென்னந்தோப்பில் குனிந்து தரையைப் பார்த்தாலே போதும். கீற்றிடுக்கில் விழும் ஒளிப்பொட்டு ஒவ்வொன்றும் வளையமாக இருக்கும்.

அடுத்து 2031 மே 21-இல் தமிழகத்தின் தென்பகுதியில் வளையம் தெரியும். அன்று மாட்டுக்கு வழக்கம்போல் தண்ணீர் காட்டுங்கள்.