மீனைக் காப்பது ஐஸா, பெட்டியா?

தூத்துக்குடித் துறைமுகத்தில் இரவு ஏலத்தில் விலைபோகும் வஞ்சிரம் மறுநாள் காலை கோயம்புத்தூர் சந்தைக்கு வந்துவிட வேண்டும். இடையில் சுமார் 350 கிலோமீட்டர் சாலை, நான்கைந்து முறை ஏற்றி இறக்கும் வேலை, நள்ளிரவிலும் தணியாத புழுக்கம். இந்தப் பயணம் முழுக்க அந்த மீனுக்குத் துணை இரண்டே பொருள்கள்தான்: உடைத்த ஐஸும் அதைச் சுற்றியுள்ள வெள்ளைத் தெர்மாக்கோல் பெட்டியும். மீன் கெட்டுவிட்டால் "ஐஸ் பத்தவில்லை" என்பார்கள். பெட்டியை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால், அந்த ஐஸ் மீனைக் குளிர்விக்கச் செலவாகிறதா, வெளிவெயிலுக்கு வீணாகிறதா என்பதைத் தீர்மானிப்பது பெட்டியின் சுவர். மீன் வணிகத்தில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும், கவனித்தால் மிக அதிகம் பலன் தருவதும் அதுதான்.

மீன் ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறது? செத்த மீனின் செவுளிலும் தோலிலும் குடலிலும் பாக்டீரியாக்கள் ஏராளம். அதன் தசையிலுள்ள நொதிகளும் சும்மா இருப்பதில்லை. இரண்டின் வேகமும் வெப்பத்தைப் பொறுத்தது. மீன்வள ஆய்வாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் ஒரு கணக்கின்படி, 0 டிகிரி செல்சியஸில் மீன் கெடும் வேகத்தை ஒன்று என்று வைத்தால், 5 டிகிரியில் அது இரண்டேகால் மடங்கு. 10 டிகிரியில் நான்கு மடங்கு. அதாவது 10 டிகிரியில் ஒரு நாள் கிடந்த மீன், ஐஸில் நான்கு நாள் இருந்த மீனுக்குச் சமம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவற்றில் ஆபத்து இன்னும் கூடுதல். குளிர்ச்சி தவறினால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வருவதற்கு அது காரணமாகலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது.

மீன் கெடுவதைத் தடுக்க ஐஸைவிட நல்ல மருந்து இல்லை. உருகும் ஐஸ் தானாகவே 0 டிகிரியில் நிற்கும். அதற்கு மின்சாரமும் வேண்டாம், அளவுகருவியும் வேண்டாம். மீனின் உடல்நீர் உறைவதற்கு 0 டிகிரிக்கும் கொஞ்சம் கீழே போக வேண்டும் என்பதால், ஐஸில் கிடக்கும் மீன் உறையாமலே உச்சக் குளிர்ச்சியில் இருக்கும். உருகி வழியும் நீர் மீனை ஈரமாக வைத்து, வழுவழுப்பையும் கழுவிக்கொண்டு போகும். நம் கடல்களுக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. 28, 30 டிகிரி நீரில் வாழ்ந்த மீனோடு வரும் பாக்டீரியாக்கள் அந்தச் சூட்டுக்குப் பழகியவை. 0 டிகிரியில் அவை பெரும்பாலும் முடங்கிவிடும். அதனால்தான் வெப்பக்கடல் மீன்கள் சில, சரியாக ஐஸில் வைத்தால், இரண்டு மூன்று வாரம்வரைகூடத் தாங்குகின்றன. 'ஐஸ் வைத்த மீன் பழைய மீன்' என்ற நம் ஊர் எண்ணம் இதனால் அடிபட்டுப் போகிறது. பிடித்த உடனே ஐஸில் வைத்து மூன்றாம் நாள் வரும் மீன், காலையில் பிடித்து மதியம்வரை வெயிலில் கிடந்த மீனைவிடப் புதியது.

இனி பெட்டிக்கு வருவோம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை உறிஞ்சும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 27 கிலோகலோரியை அதிலிருந்து எடுத்தால் போதும். அப்படியானால் ஒரு கிலோ மீனுக்கு மூன்றில் ஒரு பங்கு ஐஸ்தான் தேவை. ஆனால் துறைமுகங்களில் வழக்கம் 'மீனும் ஐஸும் சரிபாதி', அதாவது கிலோவுக்குக் கிலோ. மீதி மூன்றில் இரண்டு பங்கு எங்கே போகிறது? சுவர் வழியாகவும் மூடியின் இடுக்கு வழியாகவும் உள்ளே நுழையும் வெப்பத்தைத் தின்னப் போகிறது. சுவர் மோசமான பெட்டியில் ஐஸைக் கூட்டிக்கொண்டே போவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிறைக்கிற கதைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 30 உயரமுள்ள ஒரு பெட்டி. வெளியே 32 டிகிரி வெப்பம். இரண்டு சென்டிமீட்டர் பலகையில் செய்த மரப்பெட்டியானால், ஒரு நாளில் சுவர் வழியாக வரும் வெப்பம் மட்டுமே 30 கிலோவுக்கு மேல் ஐஸை உருக்கிவிடும். இரண்டரை சென்டிமீட்டர் தெர்மாக்கோலில் அது ஏறக்குறைய 11 கிலோவாகக் குறையும். ஐந்து சென்டிமீட்டர் தெர்மாக்கோலில் சுமார் 6 கிலோ. தெர்மாக்கோலின் கொள்ளளவில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்று. நகர முடியாமல் சின்னச் சின்ன அறைகளில் அடைபட்ட காற்று. அந்த அசையாக் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது, பிளாஸ்டிக் அல்ல. இரண்டரை சென்டிமீட்டர் பெட்டியில் 20 கிலோ மீனை ஏற்றினால், குளிர்விக்க 7 கிலோ, சுவருக்கு 11 கிலோ, ஆக 18 கிலோ ஐஸ் வேண்டும். கிலோவுக்குக் கிலோ என்ற வழக்கு எங்கிருந்து வந்தது என்பது இங்கே தெரிகிறது. அது அனுபவத்தில் கண்ட சரியான கணக்குதான். மெல்லிய சுவருக்கும் குளிராத மீனுக்கும் ஏற்ற கணக்கு. சுவரைத் தடிப்பாக்கி, மீனைப் பெட்டியில் அடுக்கும் முன்பே ஐஸ் நீரில் நன்றாகக் குளிர்வித்துவிட்டால், பயணத்துக்கு வேண்டிய ஐஸ் 18 கிலோவிலிருந்து 6, 7 கிலோவாக இறங்கிவிடும்.

'ஐஸ் மலிவு, கூட ஒரு அள்ளு போட்டுக்கொண்டால் போயிற்று, பெட்டிக்கு ஏன் செலவழிக்க வேண்டும்?' என்று கேட்கலாம். ஐஸ் கரையில் மலிவு. லாரியிலோ ரயிலிலோ விமானத்திலோ ஏறிய பிறகு மலிவல்ல. அங்கே மீனுக்கு என்ன வாடகையோ அதே வாடகைதான் அதற்கும். மேலே சொன்ன மெல்லிய பெட்டியின் 38 கிலோ எடையில் பாதி மீன், பாதி தண்ணீராகப் போகும் ஐஸ். இதற்கு எதிர்வாதமும் உண்டு. வெளியளவு மாறாமல் சுவரை இரட்டிப்பாக்கினால் உள்ளிடம் 48 லிட்டரிலிருந்து 30 லிட்டராகச் சுருங்கும். உண்மைதான். ஆனால் ஐஸின் இடமும் சுருங்குவதால், 20 கிலோ மீன் போன இடத்தில் 17 கிலோ மீன் போகும். மொத்த எடையோ 38 கிலோவிலிருந்து 24 கிலோவாகிவிடும். எடைக்கு வாடகை வாங்கும் ரயிலிலும் விமானத்திலும் இது தெளிவான லாபம். பெட்டிக்கு இவ்வளவு என்று வாங்கும் வண்டிகளில் கொஞ்சம் இழப்பு. அங்கே வெளியளவைக் கூட்டிக்கொள்வதே வழி. பெட்டி பெரிதாகும்போது கிலோவுக்கு உருகும் ஐஸும் குறையும், ஏனென்றால் கொள்ளளவு வளரும் வேகத்தில் சுவரின் பரப்பு வளர்வதில்லை. ஆனால் அடி மீன் நசுங்கும் அளவுக்குப் பெரிதாக்கக் கூடாது.

'குளிர்சாதன லாரிகள் வந்தபின் இந்தப் பெட்டிக் கதை எதற்கு?' என்பது இரண்டாவது கேள்வி. குளிர்சாதன லாரி, ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் சரக்கை அதே நிலையில் வைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டது; சூடான மீனைச் சட்டென்று குளிர்விக்கும் சக்தி அதற்குக் கிடையாது. குளிர்காற்றை மட்டும் நம்பினால் மீன் காய்ந்தும்போகும். லாரிக்கு முன்னால் ஏலத்திடல் இருக்கிறது, பின்னால் சந்தை நடைபாதையும் இருசக்கர வாகனமும் இருக்கின்றன. குளிர்ச்சி அறுபடுவது அங்கேதான். அந்த இடங்களிலெல்லாம் மீனோடு கூடவே போவது பெட்டி ஒன்றுதான்.

பெட்டிக்கு இன்னொரு சோதனை, தண்ணீர். அடியில் ஓட்டை இருந்தால் உருகும் நீர் வடிந்து மீன் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த உப்பும் இரத்தமும் கலந்த நீர் வண்டியின் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், அடுத்த சரக்கை நாற வைக்கும். பேருந்திலும் ரயிலிலும் மீன் பெட்டி என்றாலே முகம் சுளிப்பது இதனால்தான். விமானத்திலோ ஒரு சொட்டுக்கூட ஒழுகக் கூடாது. எனவே தரைவழிக்கும் வான்வழிக்கும் ஒரே பெட்டி சரிவராது. நார்வேயிலிருந்து போகும் சால்மன் மீனுக்கு 20 கிலோ பிடிக்கும் தெர்மாக்கோல் பெட்டியே வழக்கம். தரைவழிப் பெட்டியில் வடிகால் துளை இருக்கும், விமானப் பெட்டியில் இருக்காது. துளையில்லாத பெட்டியில் மீன் அழுக்கு நீரில் ஊறாதிருக்க, உட்புறம் பாலித்தீன் பையும் அடியில் நீர் உறிஞ்சும் விரிப்பும் வைப்பார்கள். மூடியின் இடுக்கில் நாடா ஒட்டுவதும், அடுக்கின் வெளிவரிசைப் பெட்டிகளைத் தார்ப்பாயால் மூடுவதும் செலவில்லாத காரியங்கள். வெயில் முதலில் தின்பது அந்த வெளிவரிசையைத்தான்.

மூன்றாவது மறுப்பு கனமானது: தெர்மாக்கோல் குப்பை. அது மக்காது, உதிர்ந்து கடலிலேயே போய்ச் சேரும், அங்கே மீன்களின் வயிற்றுக்குள்ளும் போகும். அலங்காரத் தெர்மாக்கோலை இந்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடைசெய்தது. அந்தத் தடை மீன் பெட்டிக்குப் பொருந்தாது. ஆனால், தடையில்லை என்பதால் தீங்கில்லை என்றாகிவிடாது. இதற்கு விடை தூரத்தைப் பொறுத்தது. வண்டி போய்த் திரும்பும் தடங்களில், கழுவக்கூடிய பிளாஸ்டிக் தோலுக்குள் பாலியூரித்தேன் நுரை அடைத்த கனமான பெட்டிதான் முறை. அந்த நுரை, தடிமனுக்குத் தடிமன், தெர்மாக்கோலைவிட நன்றாக வெப்பத்தைத் தடுக்கும். பெட்டி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். தோல் கிழிந்து நீர் புகுந்தால் மட்டும் அதன் பலம் போய்விடும். திரும்பி வராத நெடுந்தூரத்துக்கும் ஏற்றுமதிக்கும் தெர்மாக்கோலை இன்று முற்றிலும் தவிர்ப்பது கடினம். சந்தையிலேயே அதைத் திரட்டி, அழுத்திச் சுருக்கி, மறுசுழற்சிக்கு அனுப்பலாம். ஜப்பானின் பெரிய மீன் சந்தைகள் இதைச் செய்கின்றன. இப்போது நம் சந்தைகளில் நடப்பது இரண்டுமில்லை. ஒருமுறைக்கென்று செய்த பெட்டி, மூலை உடைந்து, கழுவ முடியாத விரிசல்களில் அழுக்கு ஊறி, பலமுறை சுற்றுகிறது. அதில் குளிர்ச்சியும் இல்லை, சுத்தமும் இல்லை.

இது வெறும் லாபக் கணக்கும் அல்ல. 2018இல் கேரள அரசு 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் நடத்திய சோதனைகளில், வெளிமாநிலங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான கிலோ மீனில் ஃபார்மலின் பிடிபட்டது. பிணத்தைப் பதப்படுத்தும் மருந்தை மீனில் தடவியது குற்றம். அதற்குத் தண்டனை வேண்டும். ஆனால் காசு கொடுத்து அந்த மருந்தை ஏன் தடவுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். குளிர்ச்சி பயணம் முடியும்வரை தாங்காது என்ற பயம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மலினைக் கண்டுபிடிக்கும் எளிய சோதனைத்தாளை உருவாக்கித் தந்தது. சோதனை குற்றத்தைப் பிடிக்கும்; நல்ல பெட்டி அதற்கான தேவையையே குறைக்கும்.

'தலைச்சுமையாக விற்கும் பெண்ணுக்கு இந்தப் பெட்டி கட்டுப்படியாகுமா?' என்பது கடைசிக் கேள்வி. தனியாக என்றால் கடினம். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா திட்டத்தில் ஐஸ் பெட்டியோடு கூடிய சைக்கிள், மோட்டார் சைக்கிள், மூன்று சக்கர வண்டிகளுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் அறிவிக்கப்பட்டது. இதையே துறைமுக அளவில் விரித்து, கூட்டுறவுச் சங்கங்கள் தரமான பெட்டிகளை வாங்கி வாடகைக்கு விடலாம். கழுவித் தரும் இடத்தை ஏலத்திடலிலேயே அமைக்கலாம். மீன்பிடித் துறைமுகம் என்றால் படகுத்துறையும் ஐஸ் ஆலையும் மட்டும் போதும் என்ற திட்டமிடல் மாற வேண்டும்.

வாங்குவோருக்கும் இதில் பங்கு உண்டு. செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, மீன் வந்து இறங்கிய பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். மீனைச் சுற்றி ஐஸ் இன்னும் உருகாமல் மிச்சமிருந்தால், பெட்டி தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். தண்ணீர் மட்டும் தேங்கி நின்றால், அந்த மீனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.