இரத்தக் கொதிப்பு

ஆழ்வார்குறிச்சி மாணவர்களுக்குக் கடனா நதியைப் பற்றி நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வெள்ளம் மிகுந்தால் வாய்க்காலின் கரை அதிரும். வாய்க்கால் ஓரிடத்தில் குறுகிவிட்டாலும், அதற்கு மேற்புறம் நீர் தேங்கிக் கரையை முட்டும். நம் இரத்தக் குழாய்களின் கதையும் ஏறத்தாழ இதுவே. இதயம் உந்தும் இரத்தம் குழாய்ச் சுவரைத் தாக்கும் விசையையே இரத்த அழுத்தம் என்கிறோம். நலமுள்ள இளைஞரிடம் அது 120-க்கு 80 என்ற அளவையொட்டி நிற்கும். பன்முறை அளந்தும் 140-க்கு 90-ஐ எட்டினால் அது நோய்.

இதற்கு 'இரத்தக் கொதிப்பு' என்று பெயரிட்டவர் யாரோ, அறியேன். கோபக்காரருக்கே இந்நோய் வரும் என்ற தவறான எண்ணத்தை அப்பெயர் வளர்த்துவிட்டது. கோபத்தால் ஏறும் அழுத்தம் கோபம் தணிந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். இறங்காமல் ஆண்டுக்கணக்கில் நிற்பதன்றோ நோய்! சாந்தமே உருவானவருக்கும் அது வரும்.

சிலருக்குச் சிறுநீரகத்திலோ சுரப்பிகளிலோ உள்ள கோளாறு காரணமாகும். மிகப் பெரும்பாலோர்க்கு ஒற்றைக் காரணம் கிடையாது. பரம்பரை, முதுமை, உடற்பருமன், உழைப்பின்மை, மது ஆகியவை கூடிச் செய்யும் வேலை அது. புகையிலை குழாய்ச் சுவரையே கெடுக்கிறது.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மிகுதியான உப்பைச் சிறுநீரகம் உடனே வெளியேற்ற இயலாதபோது, அவ்வுப்பு நீரையும் உடலில் நிறுத்திவைக்கிறது. இரத்தத்தின் கன அளவு பெருகுகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இலையின் ஓரத்து உப்பைத் தொடாதவரும் ஊறுகாயிலும் கருவாட்டிலும் மோர் மிளகாயிலும் அதைத் தாண்டிவிடுவர். அண்டையிலுள்ள கல்லிடைக்குறிச்சியின் புகழ்பெற்ற அப்பளத்தைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆயினும் அப்பளத்தில் சேரும் உப்பிலும் காரத்திலும் இருப்பது ஒரே சோடியந்தான். உணவில் உப்பே சேர்க்காத அமேசான் காட்டு யானோமாமி மக்களிடம், வயது ஏறினாலும் அழுத்தம் ஏறவில்லை என்று 1988-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

இந்நோய் வலி தராது. அதுவே இதன் கொடுமை. அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் அழுத்தம் 186-க்கு 108. அவர் போரை நடத்திக்கொண்டேயிருந்தார். 1945 ஏப்ரல் 12 அன்று தலைவலி என்றார்; மூளையில் இரத்தம் கசிந்து அன்றே மாண்டார். அப்போது அளந்தது 300-க்கு 190. அவருடைய மருத்துவரிடம் அதை அடக்கும் தக்க மருந்து இல்லை. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அது வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் ஒருமுறையேனும் கையை நீட்டி அளந்து பார்த்தவருக்குத்தான் அது வரும். உங்கள் வீட்டுத் தாத்தாவும் ஆச்சியும் கடைசியாக என்று அளந்தார்கள்?