காஞ்சித் தெருக்களில் மிதிவண்டி

கோயில்களாலும் பட்டாலும் புகழ்பெற்ற நகரம் காஞ்சிபுரம். அந்நகரைப் பற்றிப் பேசுவோர் ஏகாம்பரநாதர் கோயிலையும் வரதராசப் பெருமாள் கோயிலையும் குறிப்பிடுவர். கோர்வைப் பட்டுப் புடைவையைப் போற்றுவர். ஆயினும், அந்நகர மக்களின் அன்றாட வாழ்வைத் தாங்கி நின்ற எளிய பொருள் ஒன்றை எடுத்துரைப்போர் சிலரே. அதுவே மிதிவண்டி. மக்கள் அதனைச் சைக்கிள் என்றே வழங்குவர்.

நெசவாளர்கள் பாவையும் பட்டு நூலையும் சைக்கிளின் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு வீடு திரும்புவர். நெய்து முடித்த புடைவையைத் துணியில் சுற்றிச் சங்கத்திற்குக் கொண்டு செல்வர். வண்டி பழுதடைந்த பின்னரும் அதன் பயன் தீர்வதில்லை. கைத்தறி ஊர்களில் பழைய சைக்கிளின் சக்கரம், தார் சுற்றும் இராட்டைக்குச் சக்கரமாக அமைவதுண்டு.

மிதிவண்டி மேனாட்டில் பிறந்தது. 1817-ஆம் ஆண்டில் செருமனி நாட்டவராகிய டிரைஸ் என்பவர், காலால் தரையை உந்திச் செலுத்தும் இருசக்கர வண்டியை அமைத்தார். 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் வண்டியைச் செய்தார். 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த இரப்பர்ச் சக்கரத்தைக் கண்டார். நெடுங்காலம் நம் நாட்டிற்கு இங்கிலாந்திலிருந்தே சைக்கிள்கள் வந்தன. 1949-இல் முருகப்பா குழுமத்தினர் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுடன் இணைந்து சென்னையை அடுத்த அம்பத்தூரில் தொழிற்சாலை தொடங்கினர். 1951-இல் அங்கிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவரலாயின.

புடைவையின் கரையைக் கண்டு அது எவ்வூர் நெசவு என்று கூறும் தேர்ச்சியாளர் காஞ்சியில் உளர். அதுபோலவே பழைய சைக்கிள்களையும் அடையாளங் காணலாம். மிதிகட்டை இணைந்துள்ள பற்சக்கரத்தை உற்று நோக்கினால் போதும். அதில் நாரையின் தலை அமைந்திருந்தால் அது ராலி. மனிதக் கை அமைந்திருந்தால் அது ரட்ஜ். இவற்றோடு, அமர்வோரின் உடலுக்கேற்பப் படிந்துவிடும் தோல் இருக்கை, சக்கரத்தோடு உராய்ந்து மின்னொளி தரும் டைனமோ விளக்கு, வரி செலுத்தியதற்கு அடையாளமாக நகராட்சி வழங்கிய வில்லை ஆகியவற்றை இன்று ஆர்வலர் தேடிச் சேகரிக்கின்றனர்.

சைக்கிள் வாங்கும் வசதி அற்றோர்க்கு வாடகைக் கடையே துணை. சிறுவர் மணிக் கணக்கில் வண்டியை வாடகைக்கு எடுப்பர். இருக்கைக்கு உயரம் எட்டாமையால், சட்டத்தினூடே காலை நுழைத்து மிதிப்பர். அதற்குக் 'குரங்குப் பெடல்' என்று பெயர். கடைக்காரரோ, நீர்த் தொட்டியில் டியூபை அமிழ்த்திக் குமிழி எழும் இடத்தைக் கண்டு ஒட்டுப் போடுவார். கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் சக்கரத்தின் கோட்டத்தை நீக்குவார். இஃது ஏட்டில் கற்கும் கல்வியன்று. விரலாலும் கண்ணாலும் பயிலும் கலை.

பொங்கல் விழாவில் பந்தயங்கள் நிகழும். விரைவுப் பந்தயத்திற்கு முன்னர், இளைஞர் வண்டியின் சேற்றுக் காப்பையும் பின்னிருக்கையையும் கழற்றிப் பாரம் குறைப்பர். மற்றொரு பந்தயம் மெதுவாக ஓட்டுவது. காலைத் தரையில் ஊன்றாமல் கடைசியாக வந்து சேர்பவரே அதில் வெற்றி பெறுவர். ஓடும் வண்டி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே கைப்பிடியைத் திருப்பினால் அது நிமிரும். வேகம் குறையுந்தோறும் கைப்பிடியை மிகுதியாகத் திருப்ப வேண்டும். எனவே மெதுவாக ஓட்டுவதே அருஞ்செயல். வேறு சிலர் ஊர்த் திடலில் இரவுபகலாக வண்டியை விட்டு இறங்காமல் வட்டமிட்டுக் காட்டி, மக்கள் அளிக்கும் காசைப் பெற்றனர்.

பந்தய வேட்கை உலகெங்கும் ஒன்றே. 1955-இல் பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும்பந்தயத்தை முதன்முதலாக இரு பிரித்தானியர் முற்றுப்பெறச் செய்தனர். அவர்களுள் ராபின்சன் 29-ஆம் இடத்தையும் ஹோர் கடைசி இடத்தையும் பெற்றனர். இடையில் விலகியோர் பலராதலின், கடைசி இடமும் ஒரு வெற்றியே அன்றோ?

மோட்டார் வண்டிகள் பெருகியபின் வாடகைக் கடைகள் அருகின. பழைய வண்டிகள் பல இரும்பு விலைக்குப் போயின. எனினும் சைக்கிளின் பணி முடிந்துவிடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். பிறர் துணையின்றிச் சந்தைக்கும் பணிக்கும் சென்றனர். சைக்கிள் அவர்களுக்கு விடுதலையின் கருவியாயிற்று.

பழம்பொருளைப் போற்றுதல் வெறும் ஏக்கமன்று. நம் முன்னோர் உழைத்த வகையையும் மகிழ்ந்த வகையையும் அது நமக்கு உணர்த்தும். பொருளை மட்டும் காத்து, அதனைச் செப்பனிடும் கலையை மறந்தால் பயனில்லை. மாணவர்களே! உங்கள் வீட்டில் பழைய சைக்கிள் இருக்குமாயின் அதனை எடைக்குப் போடுமுன் பெரியோரிடம் அதன் வரலாற்றைக் கேளுங்கள். அருகில் கடை இருக்குமாயின் ஒட்டுப் போடும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். கற்ற கை உள்ளவரை அக்கலை அழியாது.