பழவேற்காடு போறீங்களா? படகு ஆசையை மட்டும் வீட்டிலேயே விட்டுட்டுப் போங்க!

சம்மர் லீவு என்றாலே ஊட்டி, கொடைக்கானல்தானா? சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான்.

எப்படிப் போவது?

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பஸ். காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும்.

என்ன பார்க்கலாம்?

1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. தொல்லியல் துறை பாதுகாக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். பூநாரைக் கூட்டம் பார்க்க ஆசையென்றால் பனிக்காலத்தில் இன்னொரு முறை வாருங்கள்.

மீனவர்களுக்கு இது கஷ்ட காலம்

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம், கோடையில் மணல் சேர்ந்து தூர்ந்துபோகும். ஆறுகளிலும் தண்ணீர் வராது. ஏரி வற்றி, உப்பு ஏறி, மீனும் இறாலும் குறையும். எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் இங்கே உண்டு. ஆனால் மீனே இல்லாதபோது முறை வந்து என்ன பயன்?

படகு வேண்டாம்

2011 டிசம்பர் 25-ல் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் படகு சவாரிக்குத் தடை வந்தது. யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். அந்தக் காசுக்குக் கரையில் மீனோ நண்டோ வாங்குங்கள். பனை ஓலைப் பெட்டி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்த இந்த நாட்களில் அந்த வீடுகளுக்கு அது பெரிய உதவி.