மலைக்கும் சமவெளிக்கும் ஒரே நாள்காட்டியா?

தமிழக அரசு 2025 ஆகஸ்ட் 8-ஆம் தேதி வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கை, பிளஸ் 1 பொதுத்தேர்வை விலக்கியது. 2017-18 கல்வியாண்டில் தொடங்கிய அத்தேர்வு நீங்கியதால், இனி 10-ஆம் வகுப்பிலும் பிளஸ் 2 வகுப்பிலும் மட்டுமே பொதுத்தேர்வு. சுமை குறைந்தது எனப் பெற்றோர் மகிழ்வதில் நியாயம் உண்டு. ஆனால், பழனி மலைத்தொடரின் சிற்றூர்களில் பயிலும் மாணவருக்குச் சுமை தேர்வில் மட்டும் இல்லை. தேர்வறைக்குள் நுழைவதற்கு முன்னரே அவர் நிறைவேற்ற வேண்டிய விதிகளிலும் இருக்கிறது.

அவ்விதிகளைப் பெற்றோர் பலர் முழுமையாக அறிவதில்லை. தமிழகத்தில் 8-ஆம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளின் 5, 8-ஆம் வகுப்புகளில் அந்தப் பாதுகாப்பை விலக்கியபோதும் தமிழகம் அதைக் கைவிடவில்லை. 10-ஆம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் 35 மதிப்பெண் பெறவேண்டும். பிளஸ் 2-வில் செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 மதிப்பெண்ணும், மூன்றும் சேர்ந்து 35 மதிப்பெண்ணும் தேவை. அக மதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணில் 2, வருகைக்கு உரியவை. இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது 75 விழுக்காடு வருகை என்னும் விதி.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூற்றில் 30 மதிப்பெண், மாணவர் பள்ளியில் இருக்கும் நாள்களில் ஈட்டப்படுவது. ஆகவே, பள்ளிக்கு வராத மாணவர் இரண்டு வகையில் இழக்கிறார்: தேர்வெழுதும் தகுதியும் ஆட்டம் காண்கிறது, எளிதாகக் கிடைக்கக்கூடிய மதிப்பெண்ணும் கைநழுவுகிறது. 2023 மார்ச் 13-ஆம் தேதி பிளஸ் 2 மொழிப்பாடத் தேர்வை ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் எழுதவில்லை என்ற செய்தி தமிழகத்தையே திடுக்கிட வைத்தது. பதிவேட்டில் பெயர் இருப்பதும் வகுப்பில் மாணவர் இருப்பதும் ஒன்றல்ல என்பதை அன்று எல்லோரும் உணர்ந்தனர்.

ஆண்டுக்கு 210 வேலை நாள் எனக் கொண்டால், 75 விழுக்காடு என்பது 158 நாள். மீதமுள்ள 52 நாள் தாராளமானதாகத் தோன்றலாம். சமவெளியில் அது தாராளம்தான். மன்னவனூர், கூக்கால், கிளாவரை போன்ற மேல்மலை ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் பாதையை மறைக்கின்றன. மண் சரிந்தால் பேருந்து நிற்கும். மாவட்ட நிர்வாகம் விடுமுறை அறிவித்த நாள் கணக்கில் வாராது. அறிவிக்காத நாளில், பேருந்துக்குக் காத்திருந்து திரும்பிய மாணவருக்குப் பதிவேட்டில் விழுவது 'வரவில்லை' என்னும் குறிதான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலை ஊர்களில் அதே மாதங்களில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை தொடங்கிவிடும். பொருளியலில் வாய்ப்புச் செலவு என்பார்கள். ஒன்றைப் பெறுவதற்காக நாம் விட்டுக்கொடுக்கும் மற்றொன்றின் மதிப்பு அது. அரையாண்டுத் தேர்வு நடைபெறும் டிசம்பரில் ஒரு நாள் பள்ளிக்குச் செல்வதன் வாய்ப்புச் செலவு, கூலிக் குடும்பத்துக்கு மிக உயர்வானது.

இதற்காக 35 என்பதை 30 ஆக்குங்கள், 75 என்பதை 60 ஆக்குங்கள் என்று நான் வாதிடவில்லை. மலைப் பிள்ளைகளிடம் குறைவாக எதிர்பார்ப்பது பரிவுபோலத் தோன்றினாலும், கல்லூரி வாசலில் அவர்களைக் கைவிடுவதாகவே முடியும்.

கொடைக்கானல் நகரிலேயே வேறொரு ஏற்பாட்டைக் காணலாம். 1901-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியில் சர்வதேச பாக்கலரேட் பட்டயத் திட்டம் நடத்தப்படுகிறது. அதில் ஆறு பாடங்கள், மொத்தம் 45 புள்ளிகள். பட்டயம் பெறக் குறைந்தது 24 வேண்டும். 4,000 சொற்களுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் மாணவர் எழுதவேண்டும். எதிர்பார்ப்பு சிறிதும் குறைவன்று. அங்கும் அதே மழை, அதே பனி. ஆனால், மாணவர் விடுதியிலேயே தங்கிப் படிப்பதால் மண்சரிவு அவர்களது வருகையைத் தொடுவதில்லை. கட்டணத்தை எண்ணினால் இரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாதுதான். எனினும், விதியை நிறைவேற்றத் தேவையான வழி முதலில் அமைக்கப்பட்டிருப்பதைக் காணாமல் இருக்க முடியவில்லை.

அரசும் மலையின் இயல்பை அறியாததன்று. மலைப்பகுதி மாணவர்களுக்குக் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் வழங்குகிறது. (பிளஸ் 1 மாணவர்களுக்கு மிதிவண்டியும் வழங்குகிறது. மேல்மலைச் சரிவுகளில் அதை மிதிப்பதைவிடத் தள்ளுவதே அதிகம் என்பது வேறு.) ஆடையில் காட்டிய வேறுபாட்டை நாள்காட்டியில் காட்டவில்லை. மே மாத விடுமுறை சமவெளியின் வெயிலுக்காக ஏற்பட்டது. அந்த வெயிலுக்குத் தப்பி ஊரெல்லாம் கொடைக்கானலுக்கு வரும்போது, கொடைக்கானலின் அரசுப் பள்ளிகள் பூட்டிக் கிடக்கின்றன. கடும் மழைக்காலத்தில் திறந்திருக்கின்றன. இமாசலப் பிரதேசத்தில் கோடையில் நெடுவிடுமுறை விடும் பள்ளிகள், குளிர்காலத்தில் நெடுவிடுமுறை விடும் பள்ளிகள் என இரு பிரிவுகள் நெடுங்காலமாக உள்ளன. அதனால் அங்கே தேர்வு முறை குலைந்துவிடவில்லை.

இங்கும் பொதுத்தேர்வு நாளையும் வேலை நாள் எண்ணிக்கையையும் மாற்றாமலேயே, கொடைக்கானல் ஒன்றியத்தில் மட்டும் மே மாத நடுவில் பள்ளிகளைத் திறந்து, நவம்பரில் இரண்டு வாரம் மழை விடுமுறை அளித்துப் பார்க்கலாம். எதிர்ப்புகள் எழும். மே மாதம் சுற்றுலாப் பருவம். கடை வைத்திருக்கும் பெற்றோர் பிள்ளைகளின் உதவியை எதிர்பார்ப்பர். சமவெளியிலிருந்து மலையேறி வரும் ஆசிரியர்கள் தம் சொந்தப் பிள்ளைகளின் விடுமுறையோடு இது ஒத்துவராது என்பர். இரண்டும் பொருட்படுத்த வேண்டியவையே. ஆசிரியர்களுக்கு மலையிலேயே குடியிருப்பும், மேல்மலையில் 10-ஆம் வகுப்பு முதல் பயில்வோருக்கு மழைக்கால விடுதியும் அமைத்த பின்னரே இம்மாற்றத்தைத் தொடங்கவேண்டும். முன்னும் பின்னுமாக இரண்டு ஆண்டுகளின் வருகைப் பதிவேடுகளை மாதவாரியாக ஒப்பிட்டால், மாற்றத்தின் பயன் தெரிந்துவிடும். அந்தப் பதிவேடுகள் பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கின்றன.