இளவயதில் அடைபடும் நாடி

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மஸ்கெலியாத் தோட்டங்களில், செங்குத்தான மலைகளை நாள்தோறும் ஏறியிறங்கும் சரீரத்தை இருதய வியாதி அணுகாதென்று எண்ணுவது இயல்பே. ஆயினும் 2007இல் வெளியான ஆய்வொன்று, முதல் மாரடைப்பு தென்னாசியருக்குச் சராசரியாக 53 வயதிலும், பிற நாட்டவருக்கு ஏறக்குறைய 59 வயதிலும் நேர்வதாகக் காட்டிற்று.

மிகுதியான தீய கொலஸ்டரோல் இளமையிலேயே நாடிச் சுவருக்குள் புகுந்து, ஆண்டுக்கணக்கில், யாதொரு வேதனையுமின்றிப் படிந்து மேடாகிறது. அம்மேட்டின் மெல்லிய மூடி ஒருநாள் வெடித்தால், காயத்தை அடைத்து நம்மைக் காக்கவேண்டிய குருதிச் சிறுதட்டுகளே அங்கு விரைந்து திரண்டு, கட்டியாக உறைந்து, இருதயத்துக்கு ஜீவாதாரமான வழியைச் சில நிமிஷங்களில் மூடிவிடுகின்றன. புகையிலையும் நீரிழிவும் இவ்விரு தீமைகளுக்கும் துணைபோகின்றன.

தந்தையோ தமையனோ இளவயதில் மாரடைப்பால் மாண்டிருந்தால், தோட்டத்து மக்களே, இருபது வயதிலேயே இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுகினால், வாயுவென்று இஞ்சிச்சாறு குடித்துக் காத்திராமல் வைத்தியசாலைக்கு விரையுங்கள்.